திருப்பாவை ஒலிப்பதிவுகள்: எதைத் தேர்ந்து கேட்பது?

திருப்பாவை ஆண்டாள் அருளிய முப்பது பாசுரங்களைக் கொண்ட நூல். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலாயிரத்தில் இடம்பெற்றுள்ளது. ஆண்டாள் பிறந்த ஊர் விருதுநகர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூர். மார்கழி மாதத்தில் நாளுக்கு ஒரு பாசுரமாக வானொலியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் இது ஒலிப்பதை இன்று எல்லோரும் அறிவர். அலைபேசி வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. திருப்பாவை என்று தேடினால் நூற்றுக்கணக்கான பதிவுகள் வந்து நிற்கின்றன. ஓதுவது போன்றவை, கச்சேரி போன்றவை, திரைப்பாட்டு போன்றவை எல்லாம் ஒரே பட்டியலில் கலந்து வருகின்றன. இவற்றுள் எதைக் கேட்பது, எதைக் கேட்டுக் கற்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ரசனை சார்ந்த கேள்வி அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் மார்கழி வந்தால் பிள்ளைகளுக்குத் திருப்பாவை ஒப்பித்தல் போட்டிகள் நடக்கும். முன்பு வீட்டுப் பெரியவர்களோ ஆசிரியரோ சொல்லிக்கொடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் பதிவே ஆசிரியர். பத்து வயதில் எந்த ஒலியைக் கேட்டுப் பாடம் செய்தார்களோ அந்த ஒலிதான் கடைசிவரை நாக்கில் நிற்கும். பிழையாகப் படிந்ததை அப்புறம் திருத்துவது கடினம்.

சேவிப்பதும் பாடுவதும்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திருப்பாவைப் பதிவுகள் அடிப்படையில் இரண்டு வகை என்பது.

ஒன்று, வைணவக் கோயில்களில் கோஷ்டியாகச் சொல்லும் முறை. இதைச் சேவித்தல் என்பர். ராகம் என்று பெயர் சொல்லும்படி எதுவும் இதில் இல்லை. மூன்று நான்கு சுரங்களுக்குள் ஏறி இறங்கும் ஓதும் ஒலி. தாளக் கருவி கிடையாது. சொல்லின் நீட்டலும் நிறுத்தலும் யாப்பை ஒட்டியே வரும். இதைக் கற்பிக்கும் முறைக்குச் சந்தை என்று பெயர். குரு ஓர் அடியை ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். இந்த முறையிலேயே பதிவு செய்யப்பட்டவையும் இணையத்தில் கிடைக்கின்றன. பதிவைத் தொடங்கும்போது தனியன்கள் வருகின்றனவா என்று பார்த்தால் வகை தெரிந்துவிடும். பராசர பட்டர் அருளிய வடமொழித் தனியன் ஒன்று, உய்யக்கொண்டார் அருளிய தமிழ்த் தனியன்கள் இரண்டு. இவை மூன்றும் முறைப்படி வந்தால் அது பெரும்பாலும் மரபறிந்தோர் செய்த பதிவு.

மற்றொன்று, கருநாடக இசை ராகங்களில் மெட்டமைத்துப் பாடும் முறை. வயலினும் மிருதங்கமும் உடன் வரும். பொதுமக்கள் நினைவில் திருப்பாவை என்றால் இந்த வகைதான்.

இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்றைக் கையில் எடுத்துவிடக் கூடாது. போட்டிக்குப் பாடம் செய்யும் பிள்ளைக்குக் கச்சேரிப் பதிவைக் கொடுத்தால், ஒரு சொல் எங்கே முடிகிறது, சங்கதி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாமல் திண்டாடும். இசை கேட்க விரும்பும் ஒருவருக்குச் சந்தைப் பதிவைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவார்.

மெட்டு யாருடையது?

மாணவர் பலரும் ராகமெட்டில் கேட்கும் திருப்பாவையை ஆண்டாளே அந்த மெட்டில் பாடியதாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அப்படியன்று. ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகள், தம் மருமக்களான மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் இருவருக்கும் அவற்றை இசையோடு கற்பித்தார் என்பது வைணவ குருபரம்பரை தரும் செய்தி. அந்த இசை எப்படி இருந்தது என்று இன்று எவராலும் பாடிக் காட்ட இயலாது. நாம் கேட்கும் மெட்டுகள் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுள் பெரும்புகழ் பெற்றவை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை.

இத்தகைய சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ருஷ்ய இசை நாடகங்களில் பெயர்பெற்றது முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்'. அதன் பதிவு ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார் பாடியது என்பதன்று. யார் அமைத்த வடிவம் என்பதே. முசோர்க்ஸ்கி 1869-இல் ஒரு வடிவத்தை முடித்தார். அரங்கக் குழுவினர் ஏற்காததால் 1872-இல் விரிவாகத் திருத்தினார். 1874-இல் அது மேடையேறியது. அவர் மறைந்த பிறகு, நண்பர் ரிம்ஸ்கி-கோர்சகோவ் அதன் கரடுமுரடுகளை எல்லாம் செதுக்கி 1896-இலும் 1908-இலும் புது வடிவங்களை வெளியிட்டார். உலகம் பல பத்தாண்டுகள் இந்த மெருகிட்ட வடிவத்தையே கேட்டது. 1940-ஐ ஒட்டி ஷோஸ்தகோவிச் வேறொரு வாத்திய அமைப்பைச் செய்தார். 1970-இல் கராயன் நடத்திய புகழ்பெற்ற பதிவு ரிம்ஸ்கி-கோர்சகோவின் வடிவம். 1976-இல் செம்கோவ் நடத்தியது முசோர்க்ஸ்கியின் சொந்த வடிவம். 1997-இல் கெர்கியேவ் 1869, 1872 ஆகிய இரு வடிவங்களையும் அருகருகே பதிவு செய்து ஒரே தொகுப்பில் கொடுத்தார். கேட்பவர் தாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

திருப்பாவைக்கும் இப்படித்தான். சொல் ஆண்டாளுடையது, மெட்டு பிறருடையது. பாடகர் பெயருக்கு முன் மெட்டமைத்தவர் பெயரைப் பாருங்கள். பதிவின் குறிப்பில் அந்தப் பெயரே இல்லையென்றால், பதிவிட்டவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்று கொள்ளலாம்.

அரியக்குடி அமைத்த வரிசை

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) காரைக்குடிக்கு அருகிலுள்ள அரியக்குடியில் பிறந்தவர். பூச்சி சீனிவாச ஐயங்காரின் மாணவர். இன்றைய கருநாடக இசைக் கச்சேரியின் வடிவத்தை நிலைநிறுத்தியவர் என்று போற்றப்படுபவர். 1985-இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அரியக்குடி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மூன்றும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. ஆண்டாளுக்கு மெட்டமைத்தவரும் எங்கள் பழைய மாவட்டத்துக்காரர்தான் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு.

முப்பது பாசுரங்களுக்கும் அவர் முப்பது வெவ்வேறு ராகங்களைக் கொடுத்தார். இந்த வரிசையைக் கவனித்துப் பார்த்தால், பாட்டுக்கு ஏதோ ஒரு ராகம் என்று போட்டதாகத் தெரியவில்லை.

முதல் ஐந்து பாசுரங்களின் ராகங்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. இவை ஐந்தும் கனராக பஞ்சகம் எனப்படுபவை. தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் இதே ஐந்து ராகங்களில், இதே வரிசையில் அமைந்துள்ளன. இனி நூலின் அமைப்பைப் பாருங்கள். திருப்பாவையில் முதல் ஐந்து பாசுரங்கள் ஒரு பகுதி. நோன்பு இன்னது, அதன் விதி இன்னது, பயன் இன்னது என்று அறிவிக்கும் முன்னுரை அவை. ஆறாவது பாசுரத்தில்தான் தோழியரை எழுப்பும் படலம் தொடங்குகிறது. அரியக்குடியார் முன்னுரை முழுவதையும் கனராகங்களில் அடக்கிவிட்டு, முதல் தோழியின் வாசலுக்கு வரும்போது சங்கராபரணத்துக்குத் திரும்புகிறார். நூலின் பகுதி முடியும் இடமும் ராகத் தொகுதி முடியும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஆறு முதல் பதினைந்து வரை பத்து வீடுகளில் பத்துத் தோழியர் எழுப்பப்படுகின்றனர். சங்கராபரணம், பைரவி, தன்யாசி, ஹமீர்கல்யாணி, தோடி, உசேனி, கேதாரகௌளை, அடாணா, ஆனந்தபைரவி, பேகடா என்று வாசலுக்கு வாசல் நிறம் மாறுகிறது. பதினாறாவது பாசுரத்தில் பெண்கள் நந்தகோபன் மாளிகை வாயிலை அடைந்து வாயில் காப்போனிடம் பேசுகின்றனர், அது மோகனம். பதினேழு கல்யாணி, பதினெட்டு சாவேரி, பத்தொன்பது சகானா. அதன்பின் இசை சற்று இலகுவாகிறது. இருபது செஞ்சுருட்டி, இருபத்தொன்று நாதநாமக்கிரியை, இருபத்திரண்டு யமுனாகல்யாணி, இருபத்துமூன்று பிலகரி, இருபத்துநான்கு சிந்துபைரவி, இருபத்தைந்து பெகாக். கச்சேரியில் கனமான உருப்படி முடிந்தபின் துக்கடாக்கள் வருவதை இது நினைவூட்டுகிறது. ஆனால் நடுவில் பிலகரி கம்பீரமாக வந்து நிற்கிறது. குகையில் உறங்கிய சிங்கம் எழுந்து நடந்து வருவதைச் சொல்லும் பாசுரம் அது. அங்கே இலகுவான ராகம் பொருந்தியிராது. இருபத்தாறு குந்தலவராளி, இருபத்தேழு பூர்விகல்யாணி, இருபத்தெட்டு காம்போதி.

கடைசி இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். இருபத்தொன்பதாவது பாசுரத்தில் பெண்களின் வேண்டுகோள் நிறைவு பெறுகிறது. அதற்கு ராகம் மத்தியமாவதி; கச்சேரியை நிறைவு செய்யும் ராகம். முப்பதாவது பாசுரம் பெண்களின் பேச்சன்று. பட்டர்பிரான் மகள் கோதை இயற்றிய மாலை இது, இதைச் சொல்வோர் இன்ன பயன் பெறுவர் என்று நூலுக்கு வெளியே நின்று சொல்லும் பலசுருதி. அதற்கு மங்கல ராகமான சுருட்டி.

இதனால் தெரியவரும் நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. அரியக்குடி மெட்டுப் பதிவை ஒருமுறையாவது வரிசை மாறாமல் முழுவதும் கேட்க வேண்டும். செயலிகளில் பாட்டுகளைக் கலைத்துப் போடும் வசதியை அணைத்துவிடுங்கள். நாட்டையில் தொடங்க வேண்டியது காம்போதியில் தொடங்கினால், நாடகத்தின் நான்காம் காட்சியில் உள்ளே நுழைந்தது போலாகும்.

வசந்தகுமாரி பதிவு

அரியக்குடி மெட்டில் முப்பதையும் பாடிய பதிவுகளுள் எம். எல். வசந்தகுமாரி (1928–1990) பாடியதே பரவலாக அறியப்பட்டது. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் மாணவியான அவருக்கு அதிவேகப் பிருகா கைவந்த கலை. திரைப்படங்களிலும் பின்னணி பாடியவர். 1977-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். மார்கழி விடியலில் வானொலியில் ஒலித்து ஒலித்து, அந்தக் குரலும் திருப்பாவையும் பிரிக்க முடியாதபடி ஒன்றிப்போய்விட்டன.

முதலில் ஒரே ஒரு பதிவைத்தான் கேட்கப்போகிறேன் என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். காரணம் பழக்கம் மட்டும் அன்று. வேகப் பிருகாவில் வல்லவரான அவர் இங்கே அதைக் காட்ட முனையவில்லை. ஆலாபனை இல்லை, கல்பனாசுரம் இல்லை. பாசுரம் தொடங்குகிறது, எட்டடியும் முடிகிறது, அடுத்ததற்குப் போய்விடுகிறார். கச்சேரியில் அவர் பாடிய ஒரு தோடியைக் கேட்டுவிட்டு, இந்தப் பதிவில் பத்தாவது பாசுரத்தைக் கேட்டால் எவ்வளவு அடக்கிப் பாடியிருக்கிறார் என்பது புரியும்.

பழைய ஒலிப்பதிவுக் கருவியின் எல்லையையும் மறந்துவிடக் கூடாது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடமே ஓடும். பக்கத்துக்கு ஒரு பாசுரம் என்றால் முப்பதுக்கும் பதினைந்து தட்டுகள் வேண்டும். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டு வந்தபிறகே முப்பதையும் ஒரே தொகுப்பாகக் கொடுப்பது எளிதாயிற்று. பின்னர் ஒலிநாடா வந்து அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

இந்தப் பதிவில் குறை இல்லையா என்றால், கற்கும் பிள்ளையின் நோக்கில் ஒன்று உண்டு. இசையின் ஓட்டத்துக்காக அடியின் நடுவே சொல் நீளும் இடங்கள் இருக்கின்றன. பாட்டாகப் பாட விரும்புபவருக்கு அது அழகு. ஒப்பிக்கக் கற்பவருக்கு அது தடை. ஆகவே போட்டிப் பிள்ளைகள் இதை இரண்டாவதாகக் கேட்பதே நல்லது.

சொல் காதில் விழுகிறதா?

புதிதாக ஒரு பதிவு கையில் கிடைத்தால் முப்பதையும் கேட்டுப் பார்க்க நேரம் இருக்காது. நான் மூன்று இடங்களை மட்டும் கேட்டுப் பார்ப்பது வழக்கம்.

முதலாவது, நான்காம் பாசுரம். மழையை வேண்டும் பாட்டு. எட்டு அடிகளுக்குள் ழகரம் பதினொரு இடங்களில் வருகிறது. முதல் ஏழு அடிகளுக்கும் எதுகையே ழகரம்தான். பாடுபவர் ழகரத்தைச் சரியாக உச்சரிக்கிறாரா என்பதை இந்த ஒரு பாட்டு காட்டிக்கொடுத்துவிடும். தென் மாவட்டங்களில் வீட்டுப் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது நாமறிந்ததே. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய உண்டு. இன்றைய தெலுங்கில் ழகரத்துக்கு வழக்கில் எழுத்து இல்லாததால், தெலுங்கு எழுத்தைப் பார்த்துப் பாடப்பட்ட பதிவுகளில் அது ளகரமாகிவிட வாய்ப்பு அதிகம். தெலுங்கு நாட்டுக்கும் ஆண்டாளுக்கும் உறவு பழையது. கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் கதையைத் தெலுங்குக் காவியமாகவே பாடினார். திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான். ஆகவே தெலுங்குப் பதிவுகளைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உச்சரிப்புக் கற்க அவற்றை எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன்.

இந்தப் பாசுரத்துக்கு அரியக்குடியார் கொடுத்த ராகம் வராளி. வராளியைக் குரு மாணவருக்கு நேரில் கற்பிக்கக் கூடாது, கேட்டே கற்க வேண்டும் என்று இசை உலகில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒலிப்பதிவு ஒரு வரம்தான்.

இரண்டாவது, பதினைந்தாம் பாசுரம். உரைகாரர்கள் திருப்பாவையின் சாரமாகக் கருதிய பாட்டு இது. வாசலில் நிற்கும் பெண்களுக்கும் உள்ளே படுத்திருக்கும் பெண்ணுக்கும் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் உரையாடலாகவே அமைந்திருக்கிறது. முதல் அடி வெளியே இருப்பவர் பேசுவது. இரண்டாம் அடி உள்ளே இருப்பவள் மறுமொழி. மூன்றாவது மறுபடியும் வெளியே. ஆறாம் அடியில் ஒரே அடிக்குள் கேள்வியும் பதிலும் இருக்கின்றன. எல்லோரும் வந்தாயிற்றா என்று அவள் கேட்க, வந்தாயிற்று, நீயே வந்து எண்ணிப் பார் என்கிறார்கள். இந்த அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பாடிவிட்டால் கேள்வி எது, பதில் எது என்று தெரியாது. நல்ல பாடகர் அங்கே அரை நொடியாவது நிறுத்துவார், அல்லது குரலின் எடையை மாற்றுவார். குழுவாகப் பாடிய பதிவென்றால் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பாடியிருக்கிறார்களா என்று பாருங்கள். பள்ளி விழாவில் இந்தப் பாட்டை அப்படிப் பிரித்துக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆவதோடு பொருளும் தானாகவே விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, ஒவ்வொரு பாசுரமும் முடியும் 'ஏலோரெம்பாவாய்'. பதம் பிரித்தால் ஏல், ஓர், எம்பாவாய். சீர் பிரித்தால் முதற்சீர் 'ஏலோ' என்று முடிந்து, அடுத்த சீர் 'ரெம்பாவாய்' என்று தொடங்கும். ஏறக்குறைய எல்லாப் பாடகரும் சீர் பிரிப்பிலேயே மூச்சு விடுகின்றனர். அது பிழையன்று; யாப்பு அப்படித்தான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, 'ரெம்பாவாய்' என்று ஒரு சொல் இருப்பதாக நினைக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. பதிவு எதுவாயினும் பக்கத்தில் பதம் பிரித்த அச்சுநூல் ஒன்று திறந்திருக்க வேண்டும். திரையில் தானாக ஓடும் வரிகளை நம்ப வேண்டாம். இயந்திரம் எழுதிய வரிகளில் பழந்தமிழ்ச் சொற்கள் படும் பாடு சொல்லி மாளாது.

நேரம் இருப்பவர் இன்னோர் இடத்தையும் பார்க்கலாம். முதற்பாசுரத்தின் ஏழாம் அடியில் அடுத்தடுத்து இரண்டு ஏகாரங்கள் வருகின்றன. தருபவன் அவனே, பெறுபவர் நாமே என்ற தேற்றப்பொருள் இரண்டிலும் இருக்கிறது. பாடுபவர் அந்த இரண்டு ஏகாரங்களையும் உணர்ந்து பாடினாரா, அல்லது தாளம் முட்டுகிறதே என்று விழுங்கிவிட்டாரா என்பதைக் காது எளிதில் கண்டுபிடித்துவிடும்.

போட்டிக்குத் தயாராகும் மாணவருக்கு

முதல் இரண்டு வாரம் சந்தை முறைப் பதிவை மட்டும் கேளுங்கள். நாளுக்கு இரண்டு பாசுரம் போதும். பதிவை ஓடவிட்டுக்கொண்டே கூடச் சொல்வதால் பயனில்லை. அடிக்கு அடி நிறுத்தி, தனியே இரண்டுமுறை சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போக வேண்டும். அதைத்தான் சந்தை முறை காலங்காலமாகச் செய்துவருகிறது. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி இதற்கு உதவாது. குறைத்துக் கேட்பது வேண்டுமானால் உதவும். முப்பதும் நாவில் நின்றபிறகு ராகப் பதிவுக்கு வாருங்கள். அப்போது சொல் உங்களிடம் இருக்கும். இசையை இசையாகக் கேட்கலாம்.

திரைப்படத்தில் வரும் திருப்பாவை அடிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 'சங்கமம்' (1999) படத்தில் ஏ. ஆர். ரகுமான் முதற்பாசுரத்தின் தொடக்கத்தை எடுத்து வேறொரு பாட்டுக்குள் வைத்திருப்பது கேட்க இனியது. ஆனால் அது வேறு பாட்டு. அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, போட்டி மேடையில் திருப்பாவை அடியிலிருந்து வழுக்கித் திரைப்பாட்டு அடிக்குள் போய்விடக் கூடும். மின்னணுத் தாளம் சேர்த்த புதிய பதிவுகள் பலவற்றில் தாளம் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பின்னணிக்கு ஓடவிடலாம், கற்க உதவாது.

பதிவில் அடங்காதது

திருப்பாவை பிறந்த ஊரில் ஆழ்வார் பாசுரங்களை வழங்கும் இன்னொரு வகையும் உண்டு. அதுதான் அரையர் சேவை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இடங்களில் பரம்பரை அரையர்கள் இதை நிகழ்த்திவருகின்றனர். தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம், தோளில் பெருமாளுக்குச் சாற்றிய மாலை. பாசுரத்தை இசையோடு பாடி, அபிநயம் செய்து, உரையும் சொல்வார்கள். பாட்டு, நடிப்பு, விளக்கம் மூன்றும் ஒருவரிடமே. 'முத்துக்குறி' என்னும் நிகழ்ச்சியில், காதலால் நோயுற்ற மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய் குறி கேட்கிறாள். கட்டுவிச்சி முத்துகளைப் பரப்பிக் குறி சொல்கிறாள். தாய், மகள், கட்டுவிச்சி எல்லாம் அரையரே.

மேலே சொன்ன 'போரிஸ் கோதுனோவ்' பதிவுகளிலும் இப்படியொரு புதுமை நடந்திருக்கிறது. போரிஸ் கிறிஸ்தோஃப் என்ற பல்கேரியப் பாடகர் 1952, 1962 ஆகிய இரு பதிவுகளிலும் மன்னன் போரிஸ், முதிய துறவி பீமென், குடிகாரன் வார்லாம் என மூன்று பாத்திரங்களையும் தாமே பாடினார். இசை ரசிகர்கள் அதை இன்னும் வியந்து பேசுகிறார்கள். அது ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. தனித்தனியே பாடிச் சேர்த்துக்கொள்ள முடியும். அரையருக்கு அந்த வசதி இல்லை. பெருமாள் முன்னால் நின்று, அதே மூச்சில் தாயாகவும் கட்டுவிச்சியாகவும் மாற வேண்டும்.

அரையர் சேவையின் பாட்டை மட்டும் பதிவு செய்தால் பாதிகூடக் கிடைக்காது. கை அசைவோடு சேர்ந்துதான் அங்கே சொல்லுக்குப் பொருள் வருகிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் நேரில் காணலாம். ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் அரைமணி நேரப் பயணம். சேவை தொடங்கும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் கோயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. கூட்டத்தில் பின்னால் நின்றால் தாள ஓசை மட்டுமே காதில் விழும். அபிநயம் கண்ணில் படும்படி சற்று முன்பே போய் இடம்பிடித்துக்கொள்ள வேண்டும்.